மெட்டு அடிவாரத்தில் நடந்து போனவர்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று இயக்குநர் சொன்னார். பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு மையத்தில் எட்டு வருடம் கள ஆய்வாளனாக இருந்துவிட்டு, அடுத்த மாதம் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தப் போகிறேன். முப்பத்திரண்டு வயதில் ஓய்வுபெற்ற பெரியவர் மாதிரி பேசுகிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள். ரோட்டோரம் நின்று எண்ணுகிற வேலையிலிருந்து நான் ஓய்வுபெறுவது உண்மைதான்.

படிவத்தை எப்படி நிரப்புவது, வண்டிகளை எப்படி வகை பிரிப்பது என்பதெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். அதற்குள் நான் போகவில்லை. நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். சின்னத் தவறுகள் நிறையச் செய்திருக்கிறேன். சேர்ந்த புதிதில் வைகை அணைச் சாலையில் விடுமுறை நாளில் நின்று எண்ணி, சுற்றுலா வேன்களை எல்லாம் தினசரிப் போக்குவரத்து என்று எழுதிவிட்டேன். கணினியில் ஏற்றிய பையன்களே கண்டுபிடித்து ஒரு வாரம் கேலி செய்தார்கள். அந்த மாதிரித் தவறு எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான் சொல்லப்போவது அப்படிப்பட்டதில்லை. எண்கள் அத்தனையும் சரியாக இருந்தன. கூட்டினால் கூடின. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என்னைவிட நான்கு வயது மூத்த அக்கா போகவில்லை. அவள் பதினான்கு வயதிலிருந்து மலைமேல் கேரளப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறாள். விடிவதற்கு முன்னால் கிளம்பி, பொழுது சாயும்போது வீடு திரும்புவாள். நான் ஆறாம் வகுப்பிலிருந்தே விடுதியில் வளர்ந்தவன். அக்கா மலைக்கு வேலைக்குப் போகிறாள் என்று தெரியும். எதில் போகிறாள், எப்படி உட்கார்ந்து போகிறாள், வண்டியில் எத்தனை பேர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஊர் பேர் தெரியாத ஆட்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் மையத்துக்கு ஒரு வேலை வந்தது. கம்பத்திலிருந்து கேரள எல்லையில் உள்ள கம்பம்மெட்டுக்கு ஏறும் மலைச் சாலையில் அதிகாலையில் ஒரு பஸ் வேண்டும் என்று பல ஊர்ப் பெண்கள் சேர்ந்து மாவட்ட நிர்வாகத்துக்கு மனு கொடுத்திருந்தார்கள். தோட்ட வேலைக்குப் போக ஜீப்பை விட்டால் வேறு வழி இல்லை என்பது மனு. பஸ் விடும் அளவுக்கு உண்மையிலேயே ஆள் இருக்கிறதா என்று எண்ணிச் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு. உள்ளூர்க்காரன் என்பதால் களப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மலை ஏறத் தொடங்கும் அடிவாரத்தில், ஒரு தென்னந்தோப்பு வளைவைத் தாண்டி மேசை போட்டோம். மூன்று நாள், காலை ஐந்து மணியிலிருந்து. ஓடுகிற வண்டியை நிறுத்த அதிகாரம் வேண்டும் என்பதால் ஒரு போலீஸ்காரரைக் கேட்டு வாங்கியிருந்தேன். ராமநாதபுரம் பக்கத்து ஏட்டு, தங்கமான மனிதர். அவர் விசில் ஊதுவார், ஜீப் நிற்கும், நான் போய், இது ஆய்வுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டு, எங்கிருந்து, எங்கே, எத்தனை பேர் என்று கேட்டு எழுதுவேன். வண்டி எண்ணையும் குறித்துக்கொள்வேன். ஏழு பேர், எட்டுப் பேர் என்று வந்துகொண்டே இருந்தது. இடையில் நடந்து போகிறவர்களுக்குத் தனிப் படிவத்தில் ஆளுக்கு ஒரு கோடு. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும்.

நடந்து போகிறவர்கள் ஏராளம். எல்லாம் பெண்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. கும்பல் கும்பலாக வளைவில் திரும்பி வந்து எங்களைத் தாண்டிப் போனார்கள்.

இரண்டாம் நாள் ஏட்டு கேட்டார்: "என்ன தம்பி, இம்புட்டுப் பொம்பளைக நடந்தேவா மலையேறுறாக?"

"பக்கத்துத் தோட்டங்களுக்குப் போவாகண்ணே" என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. உள்ளூர்க்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார். அவராவது கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே வரவில்லை.

அறிக்கையில் இரண்டு பத்திகளை நானே எழுதினேன். என் எழுத்து அச்சில் வரப்போவது அதுதான் முதல் தடவை. இயக்குநர் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். வியாழக்கிழமை கொடுக்க வேண்டிய அறிக்கை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு நகலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். பெருமையைக் காட்டிக்கொள்ள வீட்டைத் தவிர எங்கே போவது?

அக்கா வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா அது, புத்தகமா?"

"நான் எழுதுனதுக்கா. நம்ம மெட்டு ரோட்டப் பத்தி."

"படி, கேப்போம்."

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கிப் படித்தேன். அடிவாரப் பகுதியில் அதிகாலையில் பெண்கள் பெருமளவில் நடந்து செல்கிறார்கள். அவர்கள் பாதுகாப்புக்காகச் சாலையோரம் நடைபாதை அமைக்கப் பரிந்துரைக்கிறோம்.

அக்கா வெங்காயத்தைக் கீழே போட்டாள். "நடைபாதையா? அங்கனயா?" சிரிக்க ஆரம்பித்தவள் புரையேறித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சிரித்தாள். "ஏலே, அங்கன எவடா நடந்து மலையேறுறா? எங்க கால்ல என்ன இஞ்சினா மாட்டியிருக்கு?"

"நான் எண்ணுனேன்க்கா. மூணு நாளும் நின்னு எண்ணுனேன்."

"நீ எண்ணுனது எங்களத்தாண்டா. போலீசு நிக்கிதுன்னு தெரிஞ்சதும் டிரைவரண்ணே தோப்பு வளைவுக்கு அங்கிட்டே நிப்பாட்டி பாதிப் பேர எறக்கி விட்டுட்டாக. ஒங்களத் தாண்டி நடந்து போயி, மேல இருக்குற பாலத்துக்கிட்ட திரும்ப ஏறிக்கிட்டோம். செக்கிங் எங்கன நின்னாலும் எப்பவும் அப்படித்தான்."

"நீயுமா?"

"ரெண்டு நாளு நடந்தேன். மூணாம் நாளு, நம்ம தம்பிதான நிக்கிறான், நீ உள்ள இருன்னாளுக. நான்தான் மாட்டேன்னுட்டேன். நீ வந்து எத்தனை பேருன்னு என் மூஞ்சியப் பாத்துக் கேட்டா, ஒங்கிட்டப் பொய்யா சொல்றது? துண்ட இழுத்துப் போட்டுக்கிட்டு எறங்கி நடந்துட்டேன். நீ குனிஞ்ச தல நிமிரல. நீ போட்ட கோட்டுல ஒண்ணு நாந்தாண்டா."

அடுத்த பத்தியைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். ஜீப் ஒன்றுக்குச் சராசரியாக எட்டுப் பேர்தான் செல்கிறார்கள், இருக்கும் வசதி போதுமானது, அதிகாலைப் பேருந்துக்கு இப்போதைக்குத் தேவை இல்லை.

அக்கா சிரிக்கவில்லை. "பஸ்ஸு வேணாம்னு எழுதிட்டியா?" என்றாள். வெங்காயத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்த மனுல நானும் கைநாட்டு வச்சிருக்கேன்டா" என்றாள்.

ஜீப்பில் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளிடம் கேட்டேன். பதினாறு, பதினெட்டு என்றாள். தன் மடியில் ஒருத்தி, தான் இன்னொருத்தி மடியில். நான் வேகமாக எழுந்து, நாளைக்கே போய் உண்மையை எழுதிவிடுகிறேன் என்றேன்.

"எழுதுவ. பதினெட்டுப் பேருன்னு எழுதுவ. மறுநாளே ஜீப்பயெல்லாம் புடிச்சு நிப்பாட்டிருவாக. பஸ்ஸு வர்ற வரைக்கும் நாங்க என்ன, பறந்தா போறது? ஒக்காருடா. யோசிச்சு எழுது."

தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பொய்யான எண்ணைக் கொடுத்தால் பஸ் வராது. உண்மையான எண்ணைக் கொடுத்தால் பஸ் வருவதற்கு முன் பிழைப்பு போகும். எந்தப் பாடப் புத்தகத்திலும் இதற்கு ஒரு பக்கம் கிடையாது.

திங்கட்கிழமை காலை மதுரைக்குப் போய் இயக்குநர் அறைக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றேன். என் வேலை வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற வேலை. உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவை மறைக்கவில்லை.

அவர் முதலில் கோபப்பட்டார். "போலீஸ்காரரப் பக்கத்துல நிறுத்திக்கிட்டு கேள்வி கேட்டா எவன் உண்மை சொல்லுவான்? இது உனக்குத் தோணலையா?"

"தோணல மேடம்."

கொஞ்ச நேரம் அறிக்கையைப் புரட்டினார். "எனக்கும் தோணல. போலீஸ் கேட்டு அனுப்புன கடுதாசில கையெழுத்துப் போட்டது நான். நடைபாதைப் பாரா பிரமாதம்னு சொன்னதும் நான்தான்." என்னை எதிரில் வைத்துக்கொண்டே தேனியில் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டார். "எங்கள் கணக்கு தவறாகிவிட்டது. ஒரு மாதம் அவகாசம் வேண்டும்" என்றார். எந்தப் பையன் செய்த தவறு என்று சொல்லவில்லை. எங்கள் கணக்கு என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மேலும் ஆறு வருடம், வெளியில் வேறு வேலை கிடைத்தும் போகாமல், இங்கேயே கிடந்தேன்.

அன்று சாயங்காலமே இயக்குநர் படிவத்தை மாற்றினார். வண்டி எண் எழுதும் கட்டத்தை அடித்தார். பயணிகள் எண்ணிக்கைக்குப் பழைய படிவத்தில் ஓர் இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது. ஜீப்பில் ஒன்பது பேருக்கு மேல் போவார்கள் என்று அதைத் தயாரித்த யாருக்கும் தோன்றவில்லை. அதை இரண்டு இலக்கம் ஆக்கினார்.

மறுபடி எண்ண வேண்டும் என்றால் பெண்கள் சம்மதிக்க வேண்டும். அக்கா போய்ப் பேசினாள். மூன்று நிபந்தனையோடு வந்தாள்: போலீஸ் கூடாது, ரோட்டில் நின்று எண்ணக் கூடாது, ஒரு வாரம் அவர்களோடு ஜீப்பில் ஏறி வந்து எண்ண வேண்டும்.

முதல் நாள் டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாங்க ஆபீசர். உள்ள எடமில்ல, பின்னாடி படியில தொத்திக்கங்க. பேனாவப் பையில போட்டுட்டு மொதல்ல கம்பியப் புடிங்க."

உள்ளே இருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்: "ஏ, அந்தத் தம்பியப் பாத்துக் கூட்டிட்டு வாங்கப்பா. விழுந்துகிழுந்து வச்சான்னா இவன் அக்காக்காரி நம்மள உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவா."

"விழுந்தா விழட்டும்டி. நடைபாதை போடச் சொல்லி எழுதுனான்ல, அதுல நடந்து வரட்டும்" என்றாள் அக்கா. சிரிப்பில் ஜீப்பே குலுங்கியது. ஒரு வாரம் முழுக்க எனக்கு அந்த வண்டியில் நடைபாதை என்றுதான் பேர்.

கொண்டை ஊசி வளைவுகளில் என் முதுகுக்குப் பின்னால் பள்ளம்தான் இருந்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் டிரைவர் கேட்டார்: "எத்தனை எழுதுனீங்க?"

"பதினெட்டு. என்னையச் சேக்காம."

"என்னையச் சேத்தீங்களா?"

சேர்க்கவில்லை. பத்தொன்பது என்று திருத்தினேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "பிரேக்க மிதிக்கிறப்பல்லாம் பத்தொம்பது குடும்பம் என் காலுக்கடியில கெடக்கு. எனக்குத் தெரியாமயா இருக்கு? பஸ்ஸு வந்தா எனக்கு நட்டந்தான். வரட்டும் தம்பி. எழுதுங்க."

அந்த மனிதர் என்னை ஏற்றாமல் விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க முடியாது. எட்டு வருடத்தில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் இவர் இருக்கிறார்.

புதுக் கணக்கோடு தேனியில் கூட்டம். அசல் படிவங்கள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பழையதும் புதியதும் என் பைக்குள் இருந்தன. இயக்குநர் நடந்த தவறைச் சொல்லி, புதிய எண்களைச் சொன்னார். ஜீப்பில் பதினெட்டு, பத்தொன்பது என்று கேட்டதும் மேசைக்கு எதிரில் இருந்த வட்டாரப் போக்குவரத்து அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்தெந்த ஜீப்பு? நம்பர் இருக்கா?"

புதுப் படிவத்தில் இல்லை என்றார் இயக்குநர்.

"பழசுல இருக்கும்ல? அதக் குடுங்க. அந்த ரோட்டுல போற வண்டி எதுன்னு தெரிஞ்சாப் போதும், மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்." என் பையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். சில மாதங்களுக்கு முன்னால் வேறொரு மலைப்பாதையில் ஒரு ஜீப் உருண்டபோது போய் நின்றவர் அவர். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. நான் இயக்குநரைப் பார்த்தேன். "களப் பொறுப்பு இவர். இவரே சொல்லட்டும்" என்றார்.

பையை மூடினேன். எழுந்து நின்றுகொண்டு சொன்னேன்: "ஐயா, ஆய்வுக்கு மட்டும்தான் என்று சொல்லிக் கேட்டு வாங்கிய விவரம் இது. இதைத் தர முடியாது. ஜீப்பை நிறுத்தினால் வேலை நிற்காது. அவர்கள் லாரியில் ஏறுவார்கள். முதலில் பஸ்ஸை விடுங்கள். அதற்கப்புறம் நீங்களே ரோட்டில் நின்று பிடியுங்கள்."

"அதுக்குள்ள ஒண்ணு உருண்டுச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"

"என் அக்காவும் அதுலதான்யா போகுது" என்று வாயில் வந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஆய்வாளன் தன் வீட்டைக் கூட்டத்துக்குள் கொண்டுவரக் கூடாது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே உண்மை அதுதான்.

அந்த அதிகாரி நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். பஸ் பிரிவிலிருந்து வந்திருந்தவர் பக்கம் திரும்பி, "எத்தனை நாள்ல விடலாம்?" என்று கேட்டார்.

சோதனை முறையில் ஒரு பஸ் விடுவது என்று முடிவாகிவிட்டது. ஓடத் தொடங்க ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் அலுவலகத்தில் போன் அடித்தால் நான்தான் முதலில் ஓடிப்போய் எடுப்பேன். ஜீப்புகள் அப்படியேதான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதால் நான் எடுத்த முடிவு சரி என்று ஆகிவிடாது. ஒரு சக்கரம் வழுக்கியிருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன், அல்லது எழுதியே இருக்க மாட்டேன். உங்களுக்கும் ஒரு நாள் யாராவது கையை நீட்டுவார்கள். அன்றைக்கு நீங்கள் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும், அதற்குப் பிறகு சில வாரம் தூக்கம் வராது. வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பஸ் வந்த முதல் நாள் காலை, எங்கள் ஊர் நிறுத்தத்தில் முன்வாசல் பக்கம் படிவத்தோடு நின்றேன். ஏறுகிறவர்களைச் சத்தமில்லாமல் எண்ணிக் கோடு போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதலில் ஏறிய பெண் படியில் நின்று என்னைப் பார்த்து, "ஒண்ணு" என்றாள். அடுத்தவள் "ரெண்டு" என்றாள். மூன்றாவது ஆளுக்குள் அது விளையாட்டாகிவிட்டது. தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஒவ்வொருத்தியும் தன் எண்ணைக் கத்திச் சொல்லிவிட்டு ஏறினாள். ஒருத்தி பதினாலை விட்டுவிட்டுப் பதினைந்து என்று சொல்ல, பின்னால் இருந்தவள் அவளைப் பிடித்துக் கீழே இழுத்து மறுபடி சொல்லச் சொன்னாள். கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அக்கா கடைசியாக வந்தாள். "முப்பத்தி ஒண்ணு" என்று சொல்லிவிட்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் எதிர்பார்த்தது அதைவிட அதிகம். விசில் கொடுத்துவிட்டார்கள். அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏலே, ஏறுனவகள மட்டும் எழுதாத. பதினோரு பேரு வரல. ஜீப்புல வந்தாத்தான் வேலைன்னு தோட்டத்துச் சூப்பர்வைசரு சொல்லிட்டாராம், ஜீப்பு வாடகைல அவருக்குப் பங்கு இருக்குல்ல. யாரு யாரு, எந்தத் தோட்டம்னு சொல்றேன், எழுதிக்க."

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. பஸ் நகரத் தொடங்கிவிட்டது. அவள் சொல்லச் சொல்ல, ஜன்னலோடு ஓடிக்கொண்டே படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்.